மூன்று தப்புக்குப் பிறகு வரும் அம்மா

அவள் தொண்டையில் இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று சம்பளத்துக்கு, இன்னொன்று வீட்டுக்கு. சம்பளக் குரலைக் கேட்டால் வீறிட்டு அழும் பிள்ளைகூட வாயை மூடிக்கொண்டு கவனிக்கும். வீட்டுக் குரலைக் கேட்டால் எதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். குடியிருப்பில் எல்லாரும் அவளைக் குரல்காரி என்றுதான் சொல்வார்கள். எந்தக் குரலுக்காக அந்தப் பட்டம் என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்கள்.

குரல்காரி பேசாத இடம் கிடையாது. லிஃப்டில் 'கதவு மூடுகிறது' என்பவள் அவள்தான். வங்கிக்குப் போன் போட்டவர்களை 'தயவுசெய்து இணைப்பிலேயே இருங்கள்' என்று காக்க வைப்பவளும் அவள்தான். ஊரில் பாதிப் பேர் தினமும் அவள் குரலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், அதெல்லாம் அவளுக்குப் பழகிப்போன விஷயம். திட்டாமல் கேட்ட ஒரே கூட்டம் சின்னப் பிள்ளைகள். அதற்குக் காரணம் ஒரு கணக்குச் செயலி.

அந்தச் செயலியில் ஒரு வகுப்புக்கே ஒரே கணக்கு என்ற பேச்சு கிடையாது. கூட்டல் வராத பிள்ளைக்குக் கூட்டல், கழித்தலில் கோட்டை விடும் பிள்ளைக்குக் கழித்தல், எல்லாம் வரும் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் கடினமாக என்று ஆளைப் பார்த்துக் கணக்குப் போடும் மெஷின் அது. சரியாகப் போட்டால் மணி அடிக்கும். தொடர்ந்து மூன்று தப்புப் போட்டால் ஒரு குரல் வரும். அக்காவின் குரலா, டீச்சரின் குரலா என்று கம்பெனியில் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் அம்மா என்று முடிவு செய்திருந்தார்கள். அந்த அம்மாதான் குரல்காரி.

ஒலிப்பதிவு நடந்த அன்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவுக்காரர், "உங்க குழந்தை தூங்கிட்டு இருக்கு, நீங்க நெத்தியில கை வச்சிருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டுப் பேசுங்கம்மா" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "பரவாயில்ல. அம்மா பக்கத்துலயே இருக்கேன். அவசரமே இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாமா?" என்றாள். ஒலிப்பதிவுக்காரர் அதை இன்னொரு தடவை ஓட்டிக் கேட்டார். அப்புறம் அடுத்த வரிக்குப் போகச் சொன்னார்.

அந்த வரிக்கு முன்னால் ஒட்டவைக்கச் செல்லப் பெயர்களையும் தனித்தனியாகப் பேசி வாங்கினார்கள். வீட்டில் பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதையே பெற்றோர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்பது கம்பெனியின் யோசனை. தங்கம், பட்டு, ராஜா, கண்ணு என்று போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் முடிந்தபோது, யாரும் கேட்காமலே, "பொத்தான்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டு அசடு வழியச் சிரித்தாள். அது அவள் மகளின் வீட்டுப் பெயர். பிறந்தபோது மூக்கு சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் இருந்தது. "இருந்துட்டுப் போகட்டும்மா" என்றார் ஒலிப்பதிவுக்காரர்.

அப்போது பொத்தானுக்குப் பள்ளிக்கூட வயதே ஆகவில்லை. வீட்டில் கணக்கு என்று ஒன்று இல்லை, அதனால் கத்தலும் இல்லை.

பொத்தான் இரண்டாம் வகுப்புக்கு வந்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்துக்குள்ளும் அந்தச் செயலி நுழைந்தது. ஆளுக்கு ஒரு தொடுதிரை டேப், ஒரு ஹெட்போன். தகவல் வந்ததும் குரல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. பெற்ற தாயின் குரலே காதுக்குள் உட்கார்ந்து கணக்குச் சொல்லித் தரப்போகிறது, இந்தக் கொடுப்பினை எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் என்று புருஷனிடம் பீற்றிக்கொண்டாள். வெளியில் பீற்ற முடியாது. செயலியில் வருவது யார் குரல் என்று சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். பிள்ளையிடம்கூடச் சொல்லக் கூடாது. பிள்ளை வகுப்பில் போய் உளறிவிட்டால் வேலைக்கு வேட்டு. அதனால் வாயைக் கட்டிக்கொண்டு, செல்லப் பெயர்ப் பட்டியலில் பொத்தானை மட்டும் தேர்ந்தெடுத்து வைத்தாள்.

செயலியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மிருகம் உண்டு. பிள்ளை போடும் கணக்கைப் பொறுத்து அது ஏணியில் ஏறும், இறங்கும். வகுப்பின் ஏணி முழுவதையும் பெற்றோர் தங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். பொத்தான் ஆமையை எடுத்துக்கொண்டாள். அதுவே குரல்காரிக்கு எரிச்சல். எடுத்ததுதான் எடுத்தாள், ஒரு குதிரையை எடுக்கக் கூடாதா?

ஆமை முதலில் ஏறியது. அப்புறம் நின்றது. அப்புறம் வந்த வழியே இறங்க ஆரம்பித்தது.

மேல்மாடியில் இருந்த நாத்தனாரின் மகனும் அதே வகுப்புத்தான். அவன் எடுத்தது சிறுத்தை. அது ஏணி உச்சியில் காலை நீட்டிப் படுத்திருந்தது. நாத்தனார் மாடிப்படியில் எதிர்ப்பட்டால் போதும், போனைக் கையில் எடுத்துக்கொண்டு, குசலம் விசாரிப்பதுபோல் ஆரம்பிப்பாள். "உங்க ஆமை எங்கம்மா, கண்லயே படல? தண்ணிக்குள்ள போயிடுச்சா?"

"சின்னப் பிள்ளைதானே அண்ணி, மெதுவா ஏறும்" என்று பல்லைக் காட்டிவிட்டு வீட்டுக்குள் வருவாள் குரல்காரி. கதவைச் சாத்திய கையோடு வீட்டுக் குரல் கிளம்பிவிடும்.

சாயங்காலம் ஆனால் சாப்பாட்டு மேஜை கணக்கு மேஜை ஆகிவிடும். எதிரில் பொத்தான், அவள் முன்னால் ஒரு காகிதம், பக்கத்தில் மர ஸ்கேல். ஸ்கேல் கோடு போட என்றுதான் பேர்.

"எட்டுல மூணு போனா?"

பொத்தான் அம்மாவின் கையைப் பார்ப்பாள், காகிதத்தைப் பார்க்க மாட்டாள். எந்தக் கை மேஜைக்குக் கீழே இருக்கிறது, எந்தக் கையில் ஸ்கேல் இருக்கிறது என்பதிலேயே அவள் புத்தி முழுவதும் போய்விடும்.

"ஆறு."

"விரலை வச்சு எண்ணு. கடவுள் பத்து விரலை எதுக்குக் குடுத்தான், மூக்குல விடறதுக்கா? எட்டுல மூணு போனா?"

"நாலு."

"மக்கு. மரமண்டை. இதைக் கூடப் போடத் தெரியாதவளுக்கு மூணு வேளைச் சோறு எதுக்குடி?"

ஸ்கேல் விரல் கணுவில் இறங்கும். பொத்தான் சத்தம் போட்டு அழமாட்டாள். சத்தம் வந்தால் இரண்டாவது அடி விழும் என்று அவளுக்குத் தெரியும். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொள்வாள். அந்த நேரம் பார்த்து அவள் அப்பாவுக்குக் குளியலறையில் ஏதாவது வேலை வந்துவிடும். ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கிறவன் அவன். எந்த மெஷினில் எங்கே காகிதம் சிக்கியிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். சொந்த வீட்டில் சிக்கியதைத் தொடுவதற்கு அவனுக்குத் துணிச்சல் கிடையாது. ஒருநாள் மட்டும் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டுவிட்டான்.

"ஆபீஸ்ல பேசற மாதிரி வீட்லயும் ஒரு அஞ்சு நிமிஷம் பேசிப் பாரேன்."

"அந்தக் குரலுக்குக் காசு குடுக்கறாங்க" என்றாள் குரல்காரி. "இதுக்கு யாரு குடுக்கறா, நீங்களா?"

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டான். சோபாவில் சுருண்டு கிடந்த பொத்தான் காதில் அது விழுந்தது. விழுந்தாலும் அவளுக்கு என்ன புரியப்போகிறது.

பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. வகுப்பு டீச்சர் நல்ல மாதிரிதான். மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திருகித் திறந்து, குடிக்காமல் மறுபடி மூடி, சொல்ல வந்ததைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

"இந்தப் பருவம் முடியறப்போ அஞ்சாவது படிக்குக் கீழ இருக்கற பிள்ளைங்களைப் பின்கட்டடத்துக்கு மாத்தறாங்கம்மா. நான் முடிவு பண்றதில்ல, மேல சொல்லிட்டாங்க."

பின்கட்டடம் எது என்று எல்லாருக்கும் தெரியும். உடைந்த பெஞ்சுகள் அடுக்கி வைத்த அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு வகுப்பு. அங்கே போன பிள்ளை முன்கட்டடத்துக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. போகப் போக மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் தங்கள் வீட்டுப் பிறந்தநாள் விழாவுக்குக்கூட அந்தப் பிள்ளைகளைக் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள். குரல்காரியே அப்படி இரண்டு பிள்ளைகளைக் கூப்பிடாமல் விட்டவள்தான். ஆமை இருந்தது இரண்டாவது படியில்.

"வீட்டுல உக்கார வச்சுச் சொல்லித் தரேன் டீச்சர். தினமும்."

"அதான் எனக்குப் புரியல" என்றாள் டீச்சர். "வகுப்புலயே டேபை விட்டுக் கண்ணை எடுக்காத குழந்தை உங்க பொண்ணுதான். மத்ததெல்லாம் ஹெட்போனை எப்படா கழட்டலாம்னு இருக்கும். இவ வகுப்பு முடிஞ்சு மணி அடிச்சாலும் கழட்ட மாட்டா. சிரிச்ச முகமா உக்காந்திருக்கா. ஆனா போடறது பூரா தப்பு. மெஷினும் என்ன செய்யும், இவளுக்கு ஆறுதல் சொன்னாத்தான் உக்கார்றான்னு கண்டுபிடிச்சு, மத்தவங்களுக்கு ரெண்டு வரி பேசினா இவளுக்கு ஏழெட்டு வரி பேசுது. வேணும்னா நீங்களே பாருங்க. கதவு கண்ணாடி வழியா பாருங்க, உள்ள வராதீங்க."

குரல்காரி பார்த்தாள். பொத்தானின் இடம் கதவை ஒட்டிய வரிசையிலேயே இருந்தது, பக்கவாட்டில் அவள் முகமும் டேபின் திரையும் நன்றாகத் தெரிந்தன. பெரிய ஹெட்போன், சின்னத் தலை. திரையில் ஒன்பதும் நாலும் கூட்டச் சொல்லி வந்தது. பொத்தான் மேஜைக்கு அடியில் விரல்களை மடக்கி எண்ணினாள். எண்ணி முடித்துத் திரையில் பதின்மூன்று இருந்த கட்டத்துக்குமேல் விரலைக் கொண்டுபோனாள். தொடவில்லை. விரல் அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் இருந்த பத்தைத் தொட்டது.

அடுத்த கணக்கு. மறுபடி விரல் சரியான கட்டத்துக்குமேல் போய் நின்றது. மறுபடி பக்கத்துக் கட்டத்தைத் தொட்டது. மூன்றாவதிலும் அப்படியே செய்துவிட்டு, பொத்தான் இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது, யாருடைய தோளிலோ சாய்வதுபோல. உதடுகள் எதையோ கூடவே முணுமுணுத்தன. அந்த முகத்தை வீட்டில் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது என்பது குரல்காரிக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது.

கணக்குத் தெரியும். அத்தனையும் தெரியும். தெரிந்துகொண்டேதான் தப்புப் போடுகிறாள்.

அன்று வீட்டில் ஸ்கேலை எடுக்கவில்லை. பொத்தானை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, முடிந்த மட்டும் குரலைத் தணித்துக் கேட்டாள்.

"டேபுல உன்கிட்ட யாரு பேசறா?"

"அம்மா."

"எந்த அம்மா?"

"டேப் அம்மா." பொத்தான் ஸ்கேல் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "ரொம்ப நல்லவங்க. தப்புப் போட்டா அவங்களுக்குக் கோபமே வராது. பொத்தான்னு கூப்பிடுவாங்க. நெறைய தப்புப் போட்டா நெறைய நேரம் பேசுவாங்க."

குரல்காரிக்கு ஒப்பந்தம் கிப்பந்தம் எல்லாம் காற்றில் போயிற்று. "அது நான்தான்டி" என்றாள்.

பொத்தான் அம்மாவின் முகத்தைக் கவனமாகப் பார்த்தாள். சிரிக்க வேண்டுமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "சரிம்மா" என்றாள், வம்பு வேண்டாம் என்று ஒத்துக்கொள்கிறவர்கள் சொல்வதுபோல.

"சத்தியமா நான்தான். இப்பப் பாரு." குரல்காரி கண்ணை மூடிக்கொண்டு, தொழிலில் எத்தனையோ முறை செய்ததைச் செய்யப் பார்த்தாள். "பொத்தான், பரவாயில்ல. அம்மா பக்கத்துலயே இருக்கேன். அவசரமே இல்ல..." வாய் வரியைச் சொன்னது. ஆனால் மனசு பூராவும் பின்கட்டடமும் நாத்தனாரின் சிரிப்பும் நிறைந்திருந்தன, இரண்டும் ஒவ்வொரு சொல்லிலும் கரகரத்தன. அவள் காதுக்கே அது கேட்டது.

பொத்தான் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். "அவங்க இப்படிச் சொல்ல மாட்டாங்க."

"பின்னே எப்படிச் சொல்வாங்க?"

பொத்தான் சொல்லிக் காட்டினாள். எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும், 'பக்கத்துலயே' என்ற சொல்லை எங்கே இழுக்க வேண்டும், 'பார்க்கலாமா'வில் எங்கே லேசாகச் சிரிக்க வேண்டும் என்று எல்லாம் அப்படியே இருந்தது. ஏழு வயசுத் தொண்டையிலிருந்து குரல்காரியின் குரல் வந்தது, குரல்காரியின் வாயிலிருந்து வராத அந்தக் குரல். சொல்லி முடித்துவிட்டுப் பொத்தான் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

தன் குரலின்மேலேயே ஒருத்திக்குப் பொறாமை வரும் என்றால் யாராவது நம்புவார்களா? வந்தது. பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையைக் கொஞ்சி மயக்கி மடியில் உட்கார்த்தி வைத்திருப்பதுபோல் பற்றி எரிந்தது. பெற்றவள் நான், பாலூட்டினவள் நான், காய்ச்சல் வந்தால் கண் விழிக்கிறவள் நான், நல்ல பேர் மட்டும் அவளுக்கா?

மறுநாள் அன்பாக இருந்து பார்ப்பது என்று முடிவு செய்தாள். சொல்லப்போனால் உண்மையாகவே ஆசைப்பட்டுத்தான் செய்தாள். பொத்தான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய்த் தலையைத் தடவிக் கொடுக்கக் கையைத் தூக்கினாள். பொத்தான் சட்டென்று குனிந்து இரண்டு முழங்கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

"நான் என்ன பேயா?" என்றாள் குரல்காரி. "என்னைப் பார்த்தா உனக்குப் பேய் மாதிரி இருக்கா? கையை எடு. எடுடி கையை." தடவ வந்த கை அந்த வேகத்திலேயே அடித்துவிட்டது. பொத்தானுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அதை எதிர்பார்த்துத்தான் குனிந்திருந்தாள்.

பருவம் முடிய அதிக நாள் இல்லை. குரல்காரி கம்பெனிக்குப் போனாள். கம்பெனியில் செயலியைப் பார்த்துக்கொள்ளும் பெண் சின்ன வயசுக்காரி, நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டுதான் பேசுவாள். குரல்காரி நடந்ததைச் சொன்னாள். பிள்ளைகள் வேண்டுமென்றே தப்புப் போடுகிறார்கள், அந்தக் குரலைக் கேட்பதற்காகவே போடுகிறார்கள், தன் மகளே அப்படித்தான் என்று ஒன்று விடாமல் போட்டுக் கொடுத்தாள்.

கம்பெனிப் பெண் மடக்கிய காலைக் கீழே இறக்கினாள். "அட, நாங்க மெஷின்ல ஏதோ கோளாறுன்னு தேடிட்டு இருந்தோம்." உடனே கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். பொத்தான் மட்டும் இல்லை, பல ஊர்களில் பல பிள்ளைகள் அதையே செய்துகொண்டிருந்தார்கள். கடினமான கணக்கைப் போட்டுவிட்டு எளிதான கணக்கில் வரிசையாக மூன்று தப்பு. "இத்துனூண்டு இருந்துக்கிட்டு நமக்கே தண்ணி காட்டுதுங்க பாருங்களேன்" என்று ரசித்துச் சிரித்தாள்.

"என் பொண்ணுக்கு மட்டும் அந்த வரியை எடுத்துடுங்க. வெறும் மணி மட்டும் அடிக்கட்டும்."

"எதுக்கு எடுக்கணும்? இதைவிட நல்ல வழி இருக்கு." அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "உண்மையிலேயே வராத பிள்ளைக்குப் பழைய வரி. வேணும்னு தப்புப் போடற பிள்ளைக்குப் புது வரி, கொஞ்சம் கண்டிப்பா. யாருக்கு எதுன்னு மெஷின் பார்த்துக்கும். அதானே நம்ம ஆப்போட சிறப்பே."

"புது வரியை வேற யாரையாவது வச்சுப் பேசச் சொல்லுங்களேன்."

"வேற யாரோ திட்டினா பிள்ளைக்கு என்ன வந்தது? அதே அம்மா கோபப்பட்டாத்தான் உறைக்கும்."

குரல்காரி யோசித்தாள். நியாயமாகச் சொன்னால் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. பின்கட்டடம் கண்ணுக்கு முன்னால் நின்றது. அதற்குப் பக்கத்திலேயே, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கண் மூடிச் சிரித்த அந்த முகமும் நின்றது. எதை நினைத்துத் தலையாட்டினாள் என்று கேட்டால் பின்கட்டடத்தைத்தான் சொல்வாள். பாதி உண்மை.

அதே அறை, அதே பஞ்சு ஒட்டிய சுவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதே ஒலிப்பதிவுக்காரர். எழுதிக் கொடுத்ததை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள்.

"இது கொஞ்சம் வேற மாதிரிம்மா" என்றார் அவர். "யாரை மனசுல வச்சுப் பேசணும்னு..."

"வேண்டாம் சார். வந்துடும்."

வந்தது. "எனக்கு எல்லாம் தெரியும். நீ வேணும்னேதான் தப்புப் போடறே. என்னை ஏமாத்தலாம்னு பார்க்கிறியா? இனிமே தப்புப் போட்டா அம்மா உன்கிட்ட பேசவே மாட்டேன். ஒழுங்கா போடு."

சத்தம் போடவே இல்லை. தணிந்த குரலில், ஒவ்வொரு சொல்லையும் நறுக்கி நறுக்கி வைத்தாள். சாப்பாட்டு மேஜையில் தினமும் பழகிய கோபம், ஒத்திகை வேண்டியிருக்கவில்லை. ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தார். "ஒரே டேக்ல சரியா இருக்கு" என்றார். அவர் முகத்தில் பாராட்டு எதுவும் தெரியவில்லை. கம்பெனிப் பெண்தான் கை தட்டினாள்.

அப்புறம் பெயர்கள். தங்கம், பட்டு, ராஜா, கண்ணு என்று எல்லாச் செல்லத்தையும் அதே கண்டிப்பில் பேசி வாங்கினார்கள். கடைசிக்கு வந்தபோது ஒலிப்பதிவுக்காரர் கையைக் காட்டினார். "பொத்தான் வேண்டாம்மா. அது நாம சும்மா சேர்த்ததுதானே, விட்டுடலாம்."

கம்பெனிப் பெண் திரையைப் பார்த்தாள். "அந்தப் பேர்ல ஒரு குழந்தை இருக்கே. விட்டா அதுக்குப் பேரே இல்லாம வரும், நம்மளைத்தான் சொல்றாங்கன்னு அதுக்குப் புரியாது."

அந்த அறையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். விட்டுவிடுங்கள் என்றால் விட்டிருப்பார்கள். குரல்காரி மைக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டு சொன்னாள்: "பொத்தான்." வீட்டில் கோபம் வந்தால் மக்கு, மரமண்டை என்றுதான் வரும். இந்தப் பெயரை இந்தக் குரலில் சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரமே ஆமைக்குச் சிறகு முளைத்துவிட்டது. மூன்றாவது படி, நாலாவது படி என்று குரல்காரி போனைத் திறக்கும்போதெல்லாம் ஒரு படி மேலே இருந்தது. ஐந்தைத் தாண்டி ஏழுக்குப் போனது. முதல் நாளுக்கு அப்புறம் தப்பே கிடையாது. மாடிப்படியில் எதிர்ப்பட்ட நாத்தனார் போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "என்ன, தனியா டியூஷன் வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டாள்.

"நானே சொல்லித் தரேன் அண்ணி" என்றாள் குரல்காரி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

பருவத்தின் கடைசி நாள் பிள்ளையை அழைத்துவர அவளே போனாள். டீச்சர் வாசல்வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். முன்கட்டடத்திலேயே இருக்கலாம் என்று முடிவாகிவிட்டது, மேலிடத்திலேயே பாராட்டினார்கள் என்றாள். "ஒண்ணே ஒண்ணுதான்மா. இப்பல்லாம் டேபை எடுக்கச் சொன்னா கொஞ்சம் அடம் பிடிக்கறா. ஹெட்போனைப் போட்டுக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் பாத்ரூம் போகணும்கறா. போகப் போகச் சரியாயிடும்."

"போகப் போகச் சரியாயிடும் டீச்சர்" என்றாள் குரல்காரியும்.

தெருவில் வெயில் தாழ்ந்திருந்தது. டயர் கடையைத் தாண்டினார்கள், சலவைக் கடையைத் தாண்டினார்கள். குரல்காரிக்கு மனசு லேசாகிப் பறந்தது. எத்தனையோ மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. இனிமேல் ஸ்கேல் வேண்டாம், கத்தல் வேண்டாம், பிள்ளையோடு பிள்ளையாக இருக்கலாம் என்று தோன்றியது. பக்கத்தில் நடந்த அந்தச் சின்னத் தலையைப் பார்த்தபோது ஆசை பொத்துக்கொண்டு வந்தது.

"பொத்தான்" என்றாள். எந்த முயற்சியும் இல்லாமல், கரகரப்பு இல்லாமல், டேபுக்குள் இருந்த அந்தப் பழைய குரல் அப்படியே வந்தது.

பொத்தான் நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தோள் இரண்டும் காதுவரை ஏறின.

"என்னடா? அம்மாதான். சும்மாதான் கூப்பிட்டேன். இன்னைக்கு அம்மா எவ்வளவு சந்தோஷமா இருக்கேன் தெரியுமா?"

பொத்தான் தன் ஷூவைப் பார்த்தாள். "டேப் அம்மாவுக்கு என்னைப் பத்தித் தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"எல்லாம். நான் மக்குன்னு. கெட்ட பொண்ணுன்னு. முன்னாடி அவங்களுக்குத் தெரியாது, அதனாலதான் நல்லா பேசிட்டு இருந்தாங்க. இப்போ உன்னை மாதிரியே பேசறாங்க." அவள் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் பார்த்தாள். "நீதானே போய்ச் சொன்னே?"

இல்லை என்று சொல்லத்தான் குரல்காரி வாயைத் திறந்தாள். பொய்யாகப் பேசியே பிழைக்கிறவளுக்கு ஒரு பொய் வரவில்லை. கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னது நினைவுக்கு வந்தது.

"ஆமா" என்றாள்.

பொத்தான் அழவில்லை. சரிந்திருந்த பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள்.

"எதுக்கும்மா சொன்னே? எனக்கு அவங்க ஒருத்தங்கதானே இருந்தாங்க."